வைத்தியப் பிழையும் சட்டத்தின் தராசும்

மனித உயிரை ஒரு சமுதாயம் எவ்வாறு மதிக்கிறது என்பதை அறிய வேண்டுமாயின், அதன் இலக்கியங்களைப் புரட்டுவது மட்டும் போதாது. அதன் நீதிமன்ற ஏடுகளையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். இலக்கியம் உயிரை விலைமதிக்க முடியாதது என்று பாடும். சட்டமோ வேறு வழியின்றி அதற்கு ஒரு விலையை எழுதும். அந்த விலை எழுதப்பட்ட வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் நமது கரையோரத்தில், வைத்தியசாலையில் ஒருவர் எதிர்பாராது இறந்துவிட்டால் உறவினர் வாயில் முதலில் எழும் சொல், "அல்லாஹ்வின் நாட்டம்" என்பதே. துயருற்ற உள்ளத்துக்கு அச்சொல் பேராறுதல். அதை எவரும் குறைகூற வேண்டியதில்லை. ஆனால், அதே சொல் மனிதரின் கவனக்குறைவை மறைக்கும் திரையாகிவிடுமானால், நாட்டத்தை ஏற்றவர்களாக அல்ல, கேள்வி கேட்க அஞ்சியவர்களாகவே நாம் ஆகிவிடுவோம்.

இஸ்லாமிய வரலாறு இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை. மருத்துவம் அறியாத ஒருவர் வைத்தியம் பார்த்துத் தீங்கு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் உண்டு. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாத் நகரில் வைத்தியர் ஒருவரின் தவறால் சாமானியன் ஒருவன் இறந்தான். செய்தி கலீபா அல்-முக்ததிருக்கு எட்டியது. தலைமை வைத்தியர் சினான் இப்னு தாபித் சோதித்து அனுமதித்தாலன்றி எவரும் வைத்தியம் பார்க்கலாகாது என்று கலீபா கட்டளையிட்டார். சோதிக்கப்பட்டோர் 860 பேருக்கு மேல் என்று வரலாற்றாசிரியர் குறித்துள்ளனர். பெயரில்லா ஒரு மனிதனின் மரணம் ஒரு மாநகரத்து வைத்தியர் அனைவரையும் சோதனைக்கு நிறுத்தியது! எனினும் இதில் ஒரு விலக்கும் இருந்தது. பெரும்புகழ் பெற்ற வைத்தியர்களும் ஆட்சியாளரின் சேவையில் இருந்தவர்களும் சோதிக்கப்படவில்லை. புகழும் பதவியும் கேள்விக்கு அப்பாற்பட்டவை என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியிருந்தது என்பதற்கு இது சான்று.

இனி, நமது நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். திருமணம், மணவிலக்கு, மரபுரிமை ஆகியவற்றில் முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு என்பதை யாவரும் அறிவர். ஆனால் ஒருவரின் கவனக்குறைவால் மற்றவருக்கு விளையும் தீங்குக்கு இலங்கையர் அனைவரையும் ஆள்வது உரோமன்-டச்சுச் சட்டமே. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தரோடு இத்தீவுக்கு வந்த சட்டம் அது. 1796இல் அவர்களை அகற்றிய ஆங்கிலேயர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதனை நிலைக்கச் செய்தனர். ஒல்லாந்தரும் போயினர், ஆங்கிலேயரும் போயினர். சட்டம் மட்டும் போகவில்லை.

அச்சட்டத்தின் ஆணிவேர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் பிறந்த அக்குவிலியச் சட்டம். பிறனுடைய அடிமையையோ மந்தை விலங்கையோ நியாயமின்றிக் கொன்றவன், கடந்த ஓராண்டில் அதற்கிருந்த மிக உயர்ந்த விலையை உடைமைக்காரனுக்குச் செலுத்த வேண்டும் என்பது அதன் முதல் விதி. அடிமைக்கு அறுவைச் சிகிச்சை செய்துவிட்டுப் பின் அவனைக் கவனியாது விட்ட வைத்தியனும் குற்றவாளியே என்று ஜஸ்டினியன் பேரரசனின் சட்டநூல் கூறும். அடிமையின் துன்பத்துக்கன்று, ஆண்டையின் பணப்பைக்கு நேர்ந்த இழப்புக்கே அங்கு ஈடு! பிற்காலத்தில் இச்சட்டம் விரிந்து, சுதந்திர மனிதரின் மரணத்துக்கும் அவரது உழைப்பை நம்பியிருந்தோர் ஈடு கேட்க வழி செய்தது. ஆயினும் பண இழப்பே அளவுகோல் என்னும் பிறவிக்குணம் அதைவிட்டு நீங்கவில்லை.

இக்குணம் நம் காலத்தில் வெளிப்பட்ட வழக்கே, பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிரான ஆர்சகுலரத்ன வழக்கு. 1992இல் சட்டத்தரணி ஒருவரின் சிறுமகள் மூளைத்தண்டில் எழுந்த கட்டியால் இறந்தாள். நாட்டின் தலைசிறந்த குழந்தை வைத்திய நிபுணர்களுள் ஒருவரான பேராசிரியர், நோயை உரிய காலத்தில் கண்டறியத் தவறினார் என்று தந்தை கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பக்தாதில் புகழுக்கு அளிக்கப்பட்ட விலக்கு இங்கு அளிக்கப்படவில்லை. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பை உறுதிசெய்து, தொகையை 250,000 ரூபாயாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதனையும் நீக்கி வழக்கைத் தள்ளுபடி செய்தது.

காரணம் யாது? கவனக்குறைவு இருந்தது என்பதை உயர் நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அக்கவனக்குறைவே மரணத்தை விளைவித்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது. நோய் முன்னரே கண்டறியப்பட்டிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று காட்டும் பாரம் தந்தையின் தோளில் இருந்தது. கொடிய அந்நோயில் அது இயலவில்லை. அத்துடன், மகளை இழந்த தந்தையின் மனவேதனைக்கும், அவர் இழந்த அன்புக்கும் தோழமைக்கும் உரோமன்-டச்சுச் சட்டத்தில் நட்டஈடு இல்லை என்பதும் உறுதியாயிற்று.

இதன் பொருளை நம் கரையோரத்து வாழ்வில் பொருத்திப் பார்ப்போம். கடலுக்குப் போகும் ஒருவர் வைத்தியப் பிழையால் இறந்தால், அவரது சொற்ப வருமானத்தின் அளவே இழப்பு எனக் கணக்கிடப்படும். வீட்டில் உழைக்கும் தாய்க்கு அதனினும் குறைவு. உழைக்கும் வயதை எட்டாத குழந்தைக்கோ ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஏழையின் உயிர் மலிவானது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. தராசே அவ்வாறு செய்யப்பட்டிருந்தது.

அத்தராசு ஓரளவு திருத்தப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். ஒருவரின் மரணத்துக்கான நட்டஈட்டை அறவிடுதல் பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், பிறரின் தவறான செயலாலோ கவனக்குறைவாலோ உறவை இழந்த நெருங்கிய குடும்பத்தினர், பண இழப்புக்கு அப்பாலும் ஈடு கோருவதற்கு வாயில் திறந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஓர் அநீதி இந்நாட்டில் ஏட்டளவிலேனும் முடிவுற்றது.

ஏட்டில் முடிந்தது வாழ்வில் முடிந்துவிடுமா? ஆர்சகுலரத்ன தாமே சட்டத்தரணி. நீதிமன்றத்தின் படிகளை அறிந்தவர். நெசவாளியும் வயற்கூலியும் அப்படிகளை அறியார். சட்டத்தரணியின் துணை அவர்களுக்கு இன்றியமையாதது. காலம் அவர்களுக்காகக் காத்திருப்பதுமில்லை. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய தீங்குக்கு வழக்குத் தொடுக்கும் கால எல்லை இரண்டே ஆண்டுகள். அரச வைத்தியசாலையாயின் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுத்தல் வேண்டும். நோயாளி உயிரோடிருப்பின், அவரது எழுத்துமூலச் சம்மதத்துடன் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வைத்தியப் பதிவுகளைக் கேட்கலாம். சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோருக்காக 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. கிழக்கில் நீதிமன்ற மொழியாகத் தமிழையும் 1988ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் உறுதிசெய்துள்ளது. இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

நம் சமூகத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. மையித்தை விரைந்து அடக்குவது மார்க்கக் கடமை. பிரேத பரிசோதனை என்றாலே மனம் பதறுகிறது. இப்பதற்றம் இயல்பானதே. ஆயினும் மரணத்தின் காரணம் மண்ணோடு போய்விட்டால், சட்டத்தரணி எவ்வளவு திறமையுடையவராயினும் எதைக் கொண்டு வாதிடுவார்? ஐயத்துக்கிடமான மரணமாயின், திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் உடனே முறையிடுவதும், விசாரணையை விரைந்து முடிக்குமாறு வேண்டுவதும் மார்க்கத்துக்கு முரணானவை அல்ல. இதை எடுத்துரைக்கும் பொறுப்பு பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உண்டு.

வைத்தியரைப் பகைவராக்குவதற்காக இதை எழுதவில்லை. ஒரே இரவில் அளவிறந்த நோயாளரைப் பார்க்கும் இளம் வைத்தியரும், மருந்துத் தட்டுப்பாட்டிடையே பணியாற்றும் தாதியரும் நம் பிள்ளைகளே. நோய் தீராதது எல்லாம் பிழையாகாது. 1957இல் ஆங்கில நீதிமன்றம் போலம் வழக்கில் வகுத்த அளவுகோலும், திறமையுள்ள சக வைத்தியர் ஏற்கும் முறையில் நடந்தவரைக் குற்றவாளி என்பதில்லை. ஆளணியின்மையால் நேரும் தவறுக்கு ஓர் இளம் வைத்தியரைப் பலியாக்கிவிட்டு ஆட்சியாளர் தப்பித்துக்கொள்வதும் நீதியாகாது. ஆதலால் முறையாகத் தொடுக்கப்படும் வழக்கு பழிவாங்கலன்று. யார் கையில் பிழை, எங்கே குறை என்பதைப் பொதுமக்கள் முன் தெளிவிக்கும் வழியாகும்.

பக்தாதில் இறந்த அந்தச் சாமானியனுக்காக எவரோ ஒருவர் கேட்டார். அதனாற்றான் கலீபாவின் காதுக்குச் செய்தி எட்டியது. பொறுமை நமது மார்க்கம் கற்பித்த பண்பு. நீதி கேட்பதும் அதே மார்க்கம் கற்பித்த கடமை. முன்னதை நன்கு கற்றுவிட்ட நாம், பின்னதையும் கற்கும் காலம் இது.