மருத்துவமனை பில் எகிறிடுச்சா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க!

நோணாங்குப்பத்தில் ஒருத்தருக்கு நடுராத்திரி நெஞ்சுவலி வந்தால், கடலூர் சாலையில் வண்டி புதுச்சேரி பக்கம்தான் பறக்கும். ஜிப்மருக்கோ அரசு பொது மருத்துவமனைக்கோ போனால் பில் பயம் பெரிதாக இருக்காது. தனியாரில் சேர்த்தால் கதையே வேற. டிஸ்சார்ஜ் அன்று கையில் தரும் தாளில் ‘மருந்து', ‘இதர செலவு' என்று நாலே வரிதான் இருக்கும். அதைப் பார்த்து உடனே நகையை எடுத்துக்கிட்டு அடகுக்கடைக்கு ஓட வேண்டாம்.

முதலில் ஐட்டம் வாரியாக பில் கேளுங்க. நோயாளிகளின் உரிமைகள் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. விவரமான பில் பெறுவது, மருந்தை வெளிக்கடையில் வாங்கிக்கொள்வது இரண்டுமே அதில் இருக்கு. பாக்கி இருக்குன்னு நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதில்தான் வருது.

புதுச்சேரிக்காரங்களுக்கு இன்னொரு பிடியும் உண்டு. பக்கத்து தமிழ்நாட்டில் இருப்பது மாநில சட்டம். யூனியன் பிரதேசமான இங்கே மத்திய அரசின் 2010-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் செல்லும். அதன் 2012 விதிகளின்படி, எந்த சேவைக்கு எவ்வளவு என்று எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்கணும். அந்த போர்டை போட்டோ எடுத்து பில்லோடு ஒப்பிடுங்க. போர்டே இல்லையா? பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

பில்லில் எதைப் பார்ப்பது? திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்பட்டிருக்கா, காலையில் கிளம்பிய நாளுக்கும் முழு வாடகையா, கையுறையும் சிரிஞ்சும் இரண்டு இடத்தில் வருதா, வராத டாக்டருக்கு விசிட் ஃபீஸ் போட்டிருக்கா எனப் பாருங்க. இதய ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் விலை, கம்பெனி பெயர், பேட்ச் எண் தனியாக இருக்கணும். ஒருகாலத்தில் லட்சத்துக்கு மேல் போன மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு, 2017 பிப்ரவரியில் ரூ.29,600 என்று மத்திய அரசு உச்சவிலை வைத்தது. அது அவ்வப்போது மாறும். இப்போதைய விலை தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

பில்லிங் கவுன்ட்டரில் இருப்பவரிடம் சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை, குறைக்கும் அதிகாரம் அவரிடம் இருக்காது. மேனேஜரைப் பாருங்க. பெரிய டாக்டரிடமும் நேரில் சொல்லிப் பாருங்க, தன் ஃபீஸை அவரே குறைக்கலாம். ‘கொஞ்சம் கொறைங்க சார்' என்று பொதுவாகக் கெஞ்சுவதைவிட, ‘இந்த வரி புரியல, விளக்குங்க' என்பதற்கு பலன் அதிகம்.

ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் சேர்க்கும்போதே காட்டிடுங்க. குடும்பத்துக்கு வருடம் ரூ.5 லட்சம் வரை உண்டு. 70 வயது தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பே கிடையாது. எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கு என்று 14555-ல் கேட்கலாம்.

பேசியும் மசியலைன்னா, பில்லையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடிங்க. கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும்னு உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியாச்சு.