டிஸ்ப்ளே வரல: பழைய கிராபிக்ஸ் கார்டும் லினக்ஸும், பெரம்பலூர் – அரியலூர் பக்கத்திலிருந்து

இன்னைக்கு எபிசோடு ரெண்டே வார்த்தையைப் பத்தினது: "டிஸ்ப்ளே வரல". பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமோ, அரியலூர் கடைவீதிப் பக்கமோ, ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில அரை மணி நேரம் உட்கார்ந்தா இந்த ரெண்டு வார்த்தை எப்படியும் காதுல விழும். பெரும்பாலும் விஷயம் சின்னதுதான். ரேமைக் கழட்டி, அதோட தங்க நிறப் பட்டையை ரப்பரால தேய்ச்சு, திரும்பச் சொருகினா சரியாயிடும். சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ஊர், தூசி அப்படி.

ஆனா 2005ல இருந்து ஒரு ஏழெட்டு வருஷம் அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருந்துச்சு. மெஷின் நல்லாத்தான் இருக்கும். விண்டோஸ் போட்டா படம் வரும். லினக்ஸ் போட்டா எழுத்து எழுத்தா ஓடி, கடைசியில கறுப்புத் திரை. இல்லேன்னா 640க்கு 480 அளவுல, திரையில பாதியை அடைச்சுக்கிட்டு பூதாகரமான ஐகான்கள். அந்த ரெண்டாவது "டிஸ்ப்ளே வரல" எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கலாம்.

முதல்ல காலத்தை நிறுத்திக்குவோம். பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆனது 1995ல. அரியலூர் 2001ல பிரிஞ்சது, 2002ல திரும்பவும் பெரம்பலூரோட சேர்த்தாங்க, 2007 நவம்பர்ல மறுபடியும் தனி மாவட்டம். இதே காலத்துலதான் அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கம்ப்யூட்டர் பரவலா வந்தது. அரசாங்கத்துக்கு வாங்கிக் கொடுக்கிற நிறுவனம் எல்காட். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அங்கே நிர்வாக இயக்குநரா இருந்தப்போ, 2006ஐ ஒட்டின வருஷங்கள்ல, எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறுச்சு. 2007 ஜனவரியில சென்னை சி-டாக் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர்ல விலையில்லா லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சப்போ, விண்டோஸோட பாஸும் சேர்ந்தே வந்தது.

தமிழ்நாட்டுல லினக்ஸ் வரலாறுன்னு யார் எழுதினாலும் இந்த வரிசையிலதான் எழுதுவாங்க. அரசாணை, டெண்டர், அதிகாரி பேரு. தப்பில்லை. ஆனா புதுசா வாங்குற மெஷினுக்குத்தான் டெண்டர்ல நிபந்தனை போட முடியும். ஏற்கெனவே மேசை மேல உட்கார்ந்திருக்கிற மெஷினுக்கு யார்கிட்ட போய் நிபந்தனை போடுறது? வீட்டுல, பிரவுசிங் சென்டர்ல, டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல இருந்ததெல்லாம் அசெம்பிள் பண்ண மெஷின்தான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அரியலூருக்கு கார்டு லைன் உண்டு. ரெண்டு ஊருக்கும் உதிரிபாகம் திருச்சியிலிருந்தோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்தோ அட்டைப்பெட்டியில வரும். அந்தப் பெட்டிக்குள்ள எந்த சிப்பு இருக்குங்கிறதுதான் அந்த ஊர்ல லினக்ஸ் ஓடுமா ஓடாதாங்கிறதை முடிவு பண்ணுச்சு.

இங்க "போர்டு சிடி"யைப் பத்திச் சொல்லணும். ஓஎஸ் போட்டதும் அதை உள்ள தள்ளி, சவுண்டு, லேன், டிஸ்ப்ளேன்னு ஒவ்வொண்ணா ஏத்துவாங்க. கடைக்காரர்கிட்ட ஒரு சிடி பௌச் முழுக்க இதுதான் இருக்கும், போர்டு பேரை ஸ்கெட்ச் பேனாவுல எழுதி. அந்த சிடி விண்டோஸுக்கு மட்டும். லினக்ஸுக்கான டிரைவரை யாரோ, எங்கேயோ, சிப்பு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதணும். எந்த ரெஜிஸ்டர்ல எந்த எண்ணைப் போட்டா திரை எந்த அளவுக்கு மாறும்னு ஒரு ஆவணம் வேணும். அது தயாரிப்பாளர் அலமாரியில பூட்டியிருந்தது. ஆக, கறுப்புத் திரைக்கு லினக்ஸைத் திட்டினவங்க ஆளை மாத்தித் திட்டினாங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

ஆவணமே இல்லேன்னா என்ன ஆகும்? வீசா டிரைவர் இருக்கு. எல்லா கார்டோட ரோமுக்குள்ளயும் ஒரு பொதுவான பட்டியல் இருக்கும்: 640க்கு 480, 800க்கு 600, 1024க்கு 768. அதுல ஒண்ணைக் கொடுன்னு கேட்டு வாங்கிக்கும், அவ்வளவுதான். வேகப்படுத்துற வேலை எதையும் கார்டு செய்யாது, எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில. ஒரு விண்டோவைப் பிடிச்சு இழுத்தா பின்னாடி வால் மாதிரி தடம் விழும். வீடியோ போட்டா படம் படமா நகரும். சூசேல சாக்ஸ் 2ன்னு ஒரு கருவி, திரை அமைப்பைச் சரி பண்றதுக்கு. மத்த லினக்ஸ்ல எக்ஸார்க் அமைப்புக் கோப்பைக் கையாலேயே திருத்தணும். 15 இன்ச் டப்பா மானிட்டர் எந்த அலைவரிசை வரைக்கும் தாங்கும்னு அதோட கையேட்டுல பின் பக்கம் தேடி எழுதணும். மிகையா எழுதிட்டா பழைய மானிட்டர் கீச்சுன்னு கத்தும், போயிடவும் வாய்ப்பு உண்டு.

சரி, பெட்டிக்குள்ள என்ன சிப்பு இருந்தது? நாலு குடும்பம்.

இன்டெல் 845, 865 ஆன்போர்டு. பென்டியம் 4 காலத்துல எங்க பார்த்தாலும் இதுதான். இன்டெல் டிரைவர் திறந்த மூலம், அதனால பெரிய தலைவலி இல்லை. ஆனா 2007 வரைக்கும் அந்த டிரைவர் திரை அளவை மாத்த, கார்டோட பயாஸைத்தான் கேட்டது. பயாஸ் பட்டியல்ல இல்லாத அளவு வரவே வராது. டப்பா மானிட்டர் போய் 1440க்கு 900 அகலத் திரை வந்தப்போதான் வினை. பழைய போர்டோட பயாஸுக்கு அப்படி ஒரு அளவு இருக்கிறதே தெரியாது. அதுக்கு 915ரெசல்யூஷன்னு ஒரு குட்டி நிரல். ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் நினைவகத்துல இருக்கிற பயாஸ் பட்டியல்ல ஒரு வரியை அழிச்சு, அந்த இடத்துல புது அளவை எழுதும். ரேஷன் கார்டுல ஒரு பேரை அடிச்சு இன்னொரு பேரை எழுதுற மாதிரி. கரண்ட் போனா அழிஞ்சிடும், மறுபடி எழுதணும். 2007ல வந்த டிரைவர் பயாஸைக் கேட்காம தானே அளவை அமைக்கக் கத்துக்கிட்டது. 2009ல அந்த வேலை கெர்னலுக்குள்ளயே போச்சு. போனதும் பழைய 8 வரிசை சிப்பு தடுமாற ஆரம்பிச்சது, மெஷின் அப்படியே உறைஞ்சு நிக்கும். 2010ல உபுண்டு 10.04 வந்தப்போ, இந்த சிப்புகளுக்கு அந்தப் புது வசதியையே நிறுத்தி வெச்சுட்டாங்க. இன்டெல் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு லினக்ஸ் போடலாம்னு சொல்லிக்கிட்டு இருந்தவங்களுக்கு அது ஒரு அடி.

எஸ்ஐஎஸ். விலை குறைஞ்ச போர்டுன்னா இதுதான். இந்த சிப்புகளுக்கான எக்ஸ் டிரைவரைப் பல வருஷம் தூக்கிச் சுமந்தது ஏறக்குறைய ஒரே ஆள், வியன்னாவைச் சேர்ந்த தாமஸ் வினிஷ்ஹோஃபர். எஸ்ஐஎஸ் 630, 650ன்னு எத்தனையோ மெஷின்ல படம் வந்ததுக்கு அவர்தான் காரணம். ஒரு கட்டத்துல அவர் அந்த வேலையை விட்டார். அதுக்கப்புறம் வந்த எஸ்ஐஎஸ் 671 சிப்புக்கு ஆள் இல்லை. அந்த சிப்பு உள்ள லேப்டாப்பை வாங்கினவங்க பாடு சொல்லி மாளாது. திரை 1280க்கு 800, வீசா கொடுக்கிறது 1024க்கு 768, முகமெல்லாம் அகலமாத் தெரியும். ஒரு தனி ஆள் ஓய்வெடுத்தா இங்க ஒருத்தர் திரை கோணலாகுதுன்னா, அந்த ஏற்பாடு எவ்வளவு மெலிசான நூல்ல தொங்கியிருக்குன்னு பாருங்க.

விஐஏ போர்டு கதையும் இதே ரகம். ஒரே சிப்புக்கு யூனிக்ரோம், ஓப்பன்க்ரோம்னு ரெண்டு டிரைவர், ரெண்டு கோஷ்டி. யூனிக்ரோம் பக்கம் இருந்தவர் லூக் வெர்ஹேகன். பேரை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவார்.

அடுத்தது என்விடியா. கேம் ஆடுறவங்க வீட்டுல டிஎன்டி2, ஜீஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் 400, ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் 440, பிறகு எஃப்எக்ஸ் 5200. என்விடியா ஒரு மூடின டிரைவரை லினக்ஸுக்கும் கொடுத்தது, நல்லா ஓடவும் செய்தது. சிக்கல் எங்கேன்னா, கார்டு பழசானதும் தனி வரிசையில ஒதுக்கிடுவாங்க. டிஎன்டி2க்கு 71, எம்எக்ஸுக்கு 96, எஃப்எக்ஸுக்கு 173. அந்த வரிசை நின்ன இடத்துல உங்க கெர்னலும் எக்ஸ் சர்வரும் நிக்கணும். லினக்ஸைப் புதுப்பிச்சா டிஸ்ப்ளே போகும், டிஸ்ப்ளே வேணும்னா பழைய லினக்ஸ். மூல நிரல் கையில இல்லாததால யாரும் ஒட்டுப்போட முடியாது.

இதுக்குப் பதிலாத்தான் நுவோ வந்தது. ஸ்டெஃபான் மார்ஷெசின் 2005ல தொடங்கினார். ஆவணம் இல்லையா, சரி, கார்டையே கேட்போம்னு இறங்கினாங்க. என்விடியா டிரைவர் ஓடும்போது கார்டுக்கு என்னென்ன எண் போகுதுன்னு பதிவு பண்ற கருவியை எழுதி, உலகம் முழுக்க இருக்கிறவங்ககிட்ட, உங்க கார்டுல இதை ஓட்டி முடிவை அனுப்புங்கன்னு கேட்டாங்க. கார்டு வெச்சிருக்கிறவங்க எல்லாம் பங்களிப்பாளர். ஒரு வரி நிரல் எழுதத் தெரியாதவங்களும்கூட. 2010 பிப்ரவரியில வந்த 2.6.33 கெர்னல்ல நுவோ சேர்ந்தது. எனக்கு இந்த வரலாறு முழுக்கப் பிடிச்ச பகுதி இதுதான்.

கடைசியா ஏடிஐ ரேடியான். 2006ல ஏஎம்டி அந்த நிறுவனத்தை வாங்குச்சு. 2007 செப்டம்பர்ல, சிப்பு ஆவணங்களைத் திறந்து விடுறோம்னு அறிவிச்சாங்க. ஆவணத்தை வெச்சு டிரைவர் எழுதின பொறியாளர்கள் யாரு? சூசேயில வேலை பார்த்தவங்க. எக்பர்ட் ஐச், மத்தியாஸ் ஹாப்ஃப், அப்புறம் நம்ம லூக் வெர்ஹேகன். ரேடியான்எச்டின்னு பேரு. எந்த சூசேயை எல்காட் இங்க கொண்டுவந்துச்சோ, அதே சூசேயோட ஆட்கள் அதே வருஷத்துல அங்க ரேடியான் பூட்டைத் திறந்துக்கிட்டு இருந்தாங்க. அந்த டிரைவர் நீடிக்கலை, பழைய ரேடியான் டிரைவரே ஜெயிச்சது. ஆனா வெளியான ஆவணம் வெளியானதுதான், அதைத் திரும்ப அலமாரிக்குள்ள வைக்க முடியாது.

இப்ப நிலைமை என்ன? பழைய கார்டுகளுக்கான நிரல் மெல்ல மெல்லக் கழிக்கப்படுது. 2012ல மேசா 8.0 எஸ்ஐஎஸ், சாவேஜ், யூனிக்ரோம் முப்பரிமாண டிரைவர்களை நீக்குச்சு. 2022ல வந்த மேசா 22.0ல முதல் தலைமுறை ரேடியான், 845, 865, பழைய ஜீஃபோர்ஸ் எல்லாம் போச்சு. ஆம்பர்னு ஒரு தனிக் கிளையில வெச்சிருக்காங்க. 2023ல கெர்னல் 6.3, எஸ்ஐஎஸ், விஐஏ, சாவேஜ் மாதிரி பழைய டிரைவர்களை நீக்குச்சு. பராமரிக்க ஆள் இல்லாத நிரலை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுங்கிற அவங்க கேள்வி நியாயமானதுதான். ஆனா ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட லேப்ல ஓடிக்கிட்டிருக்கிற பத்து மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போறதா, டைப்பிங் பழக நிக்கிறதாங்கிறதும் இந்த முடிவுல அடங்கியிருக்கு.

அதனால மெஷினைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, கறுப்புத் திரை வந்தா கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்தி உள்ள போங்க. எல்எஸ்பிசிஐ கட்டளையை எண்களோட காட்டச் சொல்லி ஓட்டி, விஜிஏ வரியில கோலனால பிரிச்சிருக்கிற எண் ஜோடியோட முதல் நாலு இலக்கத்தைப் பாருங்க. 8086னா இன்டெல், 845, 865க்குக் கெர்னல்ல இன்னும் டிரைவர் இருக்கு, படம் வரும். 10டிஇன்னா என்விடியா, டிஎன்டி வரைக்கும் நுவோ தாங்கும். 1002ன்னா ரேடியான், பெரும்பாலும் கவலை வேண்டாம். மூணுலயும் பெரிய டெஸ்க்டாப்பை விட்டுட்டு ஐஸ்டபிள்யூஎம் மாதிரி லேசானதைப் போடுங்க. 32 பிட் பிராசஸர்னா ஆன்டிஎக்ஸைப் பாருங்க, ஏன்னா 2025ல வந்த டெபியன் 13 அந்த வகைக்கு இன்ஸ்டாலர் கொடுக்கலை. 1106னா விஐஏ, ஓப்பன்க்ரோம் கிடைக்குதான்னு தேடுங்க. 1039னா எஸ்ஐஎஸ். அதுக்கு வீசாதான், 1024க்கு 768ல. டைப்பிங்குக்கு அது போதும்.