காத்திருக்கும் செயலி

மேசைக் கணிப்பொறி ஒன்றைத் தாமே பூட்டிக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்கு, ராம் வாங்கும்போது ஓர் ஐயம் எழுவது இயல்பு. 2666, 3200, 3600 என எண்கள் பொறித்த பலகைகளுள் எதை வாங்குவது? பெரிய எண்ணே சிறந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இவ்வெண்கள் பிறந்த வரலாற்றை அறிந்தால் விடை தானே விளங்கும்.

ஒரு துளி மின்னூட்டம்

ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு டிரான்சிஸ்டர் அதற்குக் கதவாக அமைகிறது. இவ்வமைப்புக்கு ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்றார். கதவு திறந்ததும் வெளிப்படும் அச்சிறு மின்னூட்டத்தை உணர்ந்து பெருக்கச் சிறிது காலம் பிடிக்கும். அதை நானோ வினாடியில், அதாவது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் அளக்கிறோம்.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் செயலியின் கடிகாரம் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் துடித்தது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 210 நானோ வினாடி. நினைவகத்தை ஒருமுறை அணுக அதற்கு 4 துடிப்புகள், அதாவது 840 நானோ வினாடி தேவைப்பட்டது. ராம் சில்லுகளோ 250 நானோ வினாடியிலேயே விடை தந்தன. தொல்லை எழவில்லை.

1989-இல் வந்த 33 மெகாஹெர்ட்ஸ் 80386 செயலி நிலைமையைத் தலைகீழாக்கியது. அதன் ஒரு துடிப்பு 30 நானோ வினாடி. நினைவகத்தை அணுக இரண்டே துடிப்புகள் போதும். 70, 80 நானோ வினாடிச் சில்லுகளால் இந்த 60 நானோ வினாடிக்குள் விடை தர இயலவில்லை. ஆகவே செயலி சில துடிப்புகளை வீணே கழிக்க நேர்ந்தது. இதற்குக் 'காத்திருப்பு நிலை' என்று பெயர்.

எண்கள் மாறின

செயலியும் ராமும் ஒரே தாளத்தில் இயங்கினால் என்ன? அவ்வாறு இயங்கும் எஸ்.டி.ராமுக்கு 1993-இல் தரம் வகுக்கப்பட்டது. 1998-இல் வந்த 'பி.சி.100' பலகையின் பெயரிலுள்ள எண் 100 மெகாஹெர்ட்ஸைக் குறித்தது. நானோ வினாடி பெயரிலிருந்து மறைந்தது. 2000-இல் தரம் பெற்ற டி.டி.ஆர்., துடிப்பின் ஏற்றம், இறக்கம் ஆகிய இரண்டிலும் தரவை அனுப்பியது. ஆகவே 200 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் 400 என்ற எண்ணைத் தந்தது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டி.டி.ஆர். 400 பலகையில் ஒரு துடிப்பு 5 நானோ வினாடி. சி.எல். எண் 3 எனில் காத்திருப்பு 15 நானோ வினாடி. டி.டி.ஆர்.4 3200 பலகையில் ஒரு துடிப்பு 0.625 நானோ வினாடி. சி.எல். 22 எனில் காத்திருப்பு 13.75 நானோ வினாடி! எண் எட்டு மடங்காயிற்று. காத்திருப்போ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. குழாயைத் திருகியதும் முதல் சொட்டு வர ஆகும் நேரம் குறையவில்லை. வந்தபின் கொட்டும் அளவே பெருகியது.

வாங்கும் முன்

முதலில், மதர்போர்டு எந்தத் தலைமுறை ராமை ஏற்கும் என்று பாருங்கள். டி.டி.ஆர்.4 பலகை டி.டி.ஆர்.5 செருகுவாயில் பொருந்தாது. வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் உள்ளது.

அடுத்து, செயலி, மதர்போர்டு, ராம் ஆகிய மூன்றில் எதன் வரம்பு குறைவோ அதுவே வேகம். 2018-இல் வந்த இன்டெல் பி360 வகை மதர்போர்டில் ஐ5-8400 செயலியுடன் 3200 ராமைப் பொருத்தினாலும் அது 2666-இல்தான் ஓடும். கூடுதலாகத் தந்த பணத்திற்குப் பயனில்லை. வேகம் வேறான இரு பலகைகளைச் சேர்த்தாலும் மெதுவானதே வெல்லும்.

இறுதியாக, ஒரே வேகமுள்ள இரண்டு பலகைகளுள் சி.எல். எண் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். வேகம் வேறானால் காகிதத்தை எடுத்து, துடிப்பு நேரத்தைச் சி.எல். எண்ணால் பெருக்கிப் பாருங்கள். பெட்டியின் மேல் அச்சிடாத நானோ வினாடி அதில் கிடைக்கும்.