பச்சை பீன்ஸ் கேசரோல்

பச்சை பீன்ஸ் கேசரோல் என்பது அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றியறிதல் பண்டிகையின் விருந்தில் வான்கோழிக்குத் துணையாகப் பரிமாறப்படும் ஓவன் பதார்த்தம். வெந்த பீன்ஸ், டின்னில் வரும் காளான் கிரீம் சூப், பால், சோயா சாஸ், மிளகுத்தூள், பொரித்த வெங்காயம் என்று ஆறே பொருள்களில் வேலை முடிந்துவிடும். பண்டிகைப் பலகாரங்கள் பெரும்பாலும் யார், எப்போது செய்தது என்று தெரியாத பழமை உடையவை. இதற்கோ பிறந்த ஆண்டு, ஊர், செய்தவர் பெயர் மூன்றும் பதிவில் இருக்கின்றன: 1955, நியூ ஜெர்சி மாநிலத்துக் காம்டன், டார்க்கஸ் ரெய்லி. சூப் விற்பதற்காகக் கேம்ப்பெல் என்ற கம்பெனி உருவாக்கிய பண்டத்துக்குப் பண்டிகை மேசையில் என்ன வேலை என்ற வழக்கு அமெரிக்கச் சமையல் எழுத்தில் இன்னும் தீர்ந்தபாடில்லை.

பொருள்களில் அமெரிக்க மண்ணுக்கே உரியது பீன்ஸ்தான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைந்து நம் வீட்டுப் பொரியலுக்கு வரும் அதே இனம். ஐரோப்பியர் கால் வைப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அமெரிக்கக் கண்டங்களின் பழங்குடியினர் அதைப் பயிரிட்டார்கள். ஆனால் இந்தப் பண்டத்தின் சரித்திரம் பீன்ஸில் தொடங்கவில்லை, சூப்பில் தொடங்குகிறது.

1897-இல் கேம்ப்பெல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த ஜான் டோரன்ஸ் என்ற இளம் வேதியியலாளர், சூப்பில் உள்ள தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக டின்னில் அடைக்கும் முறையைக் கண்டார். டின் சிறுத்தது, ஏற்றுக்கூலி குறைந்தது, விலையும் இறங்கியது. வீட்டில் ஒரு டின் தண்ணீர் சேர்த்தால் சூப். 1934-இல் காளான் கிரீம் சூப் வந்தபோது இல்லத்தரசிகள் தண்ணீர் சேர்க்காமலே அதைப் பயன்படுத்தும் வழியைக் கண்டுகொண்டார்கள். வெண்ணெயில் மாவை வறுத்துப் பால் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறும் வெள்ளைச் சாஸுக்குப் பதில் டின்னை அப்படியே கவிழ்த்தால் போதும். மினசோட்டா மாநிலத்துத் தேவாலய விருந்துகளில் எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் இந்தச் சூப் இருந்ததால், அங்கே இதற்கு ‘லூத்தரன் பசை’ என்ற கேலிப் பெயரும் உண்டு. 1915-இல் கார்னிங் நிறுவனம் கொண்டுவந்த பைரக்ஸ் கண்ணாடிப் பாத்திரம் இன்னொரு வசதி: ஓவனில் வைத்த பாத்திரத்தையே மேசைக்கும் கொண்டுவரலாம்.

ரெய்லி 1926-இல் பிறந்தவர். பிலடெல்பியாவின் ட்ரெக்ஸல் கல்விநிலையத்தில் மனையியல் படித்து, 1949-இல் கேம்ப்பெலின் சோதனைச் சமையலறையில் சேர்ந்தார். சூப்பை வேறு எதில் எல்லாம் போடலாம் என்று கண்டுபிடிப்பதுதான் அந்தச் சமையலறையின் வேலை. 1955-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் சமையல் பகுதிக்காக, எந்த அமெரிக்க வீட்டிலும் கைவசம் இருக்கும் பொருள்களால் ஒரு பதார்த்தம் தேவைப்பட்டது. ரெய்லி குழுவினர் பீன்ஸையும் காளான் சூப்பையும் சேர்த்தார்கள். முதல் பெயர் ‘கிரீன் பீன் பேக்’. கம்பெனிக்குள் நடந்த சுவைச் சோதனையில் தொடக்கத்தில் நல்ல மதிப்பெண் கிடைக்கவில்லை என்பார்கள். தேங்க்ஸ்கிவிங் அப்போது யார் நினைப்பிலும் இல்லை. வார நாள் இராச்சாப்பாட்டுக்கான அவசரச் சமையல் அது. ரெய்லிக்கே பின்னாளில் கேட்டபோது இதைச் செய்த நினைவு சட்டென்று வரவில்லை. அவர் உருவாக்கிய நூற்றுக்கணக்கான செய்முறைகளில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

பண்டிகைக்கு இது வந்து சேர்ந்ததற்கு விளம்பரம் ஒரு காரணம். 1960-களில் சூப் டின்னின் லேபிளிலேயே செய்முறை அச்சானது. விளம்பரம் மட்டுமே காரணம் என்றால், அதே சமையலறையில் பிறந்த மற்ற சூப் பதார்த்தங்களும் வான்கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவை உட்காரவில்லை. தேங்க்ஸ்கிவிங் காலையில் அமெரிக்க வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஓவன். அதை வான்கோழி மணிக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். வெந்த பறவையை வெளியே எடுத்து, அறுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். ஓவன் சூடாகவும் காலியாகவும் இருப்பது அந்த அரை மணி நேரம்தான். கேசரோலுக்கு வேண்டியதும் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முப்பது நிமிடம்தான். முந்தின நாளே கலந்து குளிர்பெட்டியில் வைக்கலாம். சமைக்கத் தெரியாத மைத்துனரிடமும் ‘நீங்கள் இதைக் கொண்டுவந்துவிடுங்கள்’ என்று ஒப்படைக்கலாம். சுவையைவிட இந்தச் சௌகரியம்தான் இதற்கு இடம் பிடித்துக் கொடுத்தது என்று சொன்னால் தவறில்லை.

செய்முறையில் உண்மையான சாமர்த்தியம் வெங்காயத்தில் இருக்கிறது. பொரித்து டின்னில் அடைத்த வெங்காயத்தில் பாதியைப் பீன்ஸோடு கலந்து இருபத்தைந்து நிமிடம் ஓவனில் விட வேண்டும். அந்தப் பங்கு சாற்றை உறிஞ்சி, ஊறிப்போய், குழம்புக்கு இனிப்பும் எண்ணெய்ப் பசையும் கொடுக்கும். மீதியைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் மேலே தூவ வேண்டும். முன்னதாகத் தூவினால் கருகும். சரியாகச் செய்த பாத்திரத்தில் கரண்டியை இறக்கினால் மேலே மொறுமொறுப்பு உடையும் சத்தம் கேட்கும், அடியில் குழைவாக வரும். அதே தட்டில் உருளைக்கிழங்கு மசியல், ரொட்டித் தூள் கலந்த ஸ்டஃபிங், கிரேவி என்று எல்லாமே மெத்தென்று இருக்க, கடிபடுகிற பொருள் இது ஒன்றுதான்.

எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டுகளும் சும்மா எழுந்தவை அல்ல. பலர் போடுவது டின் பீன்ஸ்; டின்னில் அடைக்கும்போது நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் பீன்ஸின் பச்சையம் சிதைந்து மங்கிய பாசி நிறம் வந்துவிடுகிறது, நார் கூழாகிறது. சூப், சோயா சாஸ், வெங்காயம் மூன்றிலும் உப்பு. 1980-களுக்குப் பிறகு புதுக் காய்கறி, உள்ளூர் விளைச்சல் என்று பேசத் தொடங்கிய தலைமுறைக்கு இது டின் காலத்தின் எச்சமாகப் பட்டது. அப்படியும் அவர்கள் இதைக் கைவிடவில்லை, திருத்தினார்கள். ஆல்டன் பிரவுன் போன்ற தொலைக்காட்சிச் சமையல்காரர்கள் புதுப் பீன்ஸைக் கொதிநீரில் போட்டெடுத்து, காளானை வதக்கிச் சாஸ் கிளறி, வெங்காயத்தையும் வீட்டிலேயே மொறுமொறுப்பாக்கும் வகைகளைக் காட்டினார்கள். வேலை மூன்று மடங்கு. பண்டத்தின் ஆதாரமான சௌகரியம் அங்கே போய்விடுகிறது என்பதை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

தன் காளான் கிரீம் சூப்பின் விற்பனையில் சுமார் 40 விழுக்காடு இந்தப் பதார்த்தத்துக்கே போவதாகக் கேம்ப்பெல் மதிப்பிட்டிருக்கிறது. பண்டிகை மேசைக்குப் பழமைதான் தகுதி என்றால் இது தேறாது. தேங்க்ஸ்கிவிங்கின் தொடக்கமாகச் சொல்லப்படும் 1621 விருந்தில் பிளிமத் குடியேறிகள் உண்டதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. தேங்க்ஸ்கிவிங்கை நவம்பர் நான்காம் வியாழனுக்கு நிலைநிறுத்திய சட்டமே 1941-இல் வந்தபோதும் இது பிறந்திருக்கவில்லை. மேசையில் செய்யும் வேலைதான் தகுதி என்றால் தாராளமாகத் தேறும். டின் பீன்ஸை மட்டும் விட்டுவிட்டுப் புதியதோ உறையவைத்ததோ போட்டு, சூப்பையும் வெங்காயத்தையும் அப்படியே வைத்துக்கொள்வதே நடுநிலையான தீர்ப்பு.

ரெய்லியின் மூலச் செய்முறை அட்டையைக் கேம்ப்பெல் 2002-இல் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழரங்கத்துக்கு அளித்தது. ரெய்லி 2018 அக்டோபரில், தமது 92-ஆம் வயதில் காலமானார்.