சாக்பீஸைப் பிடுங்கக் கூடாது



ஸ்வீடனில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். பேசும்போதே குழந்தை வீறிட்டது. "அம்மாகிட்ட கொடுப்பா" என்றேன். "அவ ஆபீஸ் போயிட்டா டீச்சர், நான்தான் லீவுல இருக்கேன்" என்றான். தோளில் போட்டு நடந்துகொண்டே பேசினான். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது.

அந்த நாட்டுக் கதையைத் தேடிப் படித்தேன். தாய்க்கு மட்டும் இருந்த பேறுகால விடுப்பை 1974இல் மாற்றி, ஆறு மாத விடுப்பைத் தாய், தந்தை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஸ்வீடன் சட்டம் செய்தது. உலகிலேயே முதல் நாடு அதுதான். ஆனால் அப்பாக்கள் வரவில்லை. தங்கள் பங்கையும் மனைவிக்கே எழுதிக் கொடுத்தார்கள். பளுதூக்கும் வீரர் லென்னார்ட் டால்கிரென் கைக்குழந்தையோடு நிற்கும் படத்தைச் சுவரொட்டியாக அடித்தும் பார்த்தார்கள். பெரிய மாற்றமில்லை.

1995இல் ஒரு வழி கண்டார்கள். விடுப்பில் ஒரு மாதம் தாய்க்கு, ஒரு மாதம் தந்தைக்கு. மாற்றிக் கொடுக்க முடியாது. அப்பா எடுக்காவிட்டால் அந்த மாதம் போச்சு! அதன்பிறகுதான் பெருவாரியான அப்பாக்கள் வீட்டில் தங்கினார்கள். 2002இல் அது இரண்டு மாதமாகவும், 2016இல் மூன்று மாதமாகவும் ஆனது.

ஆண் கைக்கு அது வராது என்பார்கள். யசோதையாகத் தன்னைப் பாவித்துக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடியவர் பெரியாழ்வார். மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரோ துறவி. பாட்டு வந்தவர்களுக்குக் கை வராதா?

எங்கள் மகள் பிறந்தது 1988இல். தலைப்பிரசவம், தாய்வீடு. ஐந்தாம் மாதம் திரும்பி வந்தேன். அவர் தூக்கினால் அழுவாள். "உங்களுக்குத் தூக்கத் தெரியல, கொடுங்க" என்று வாங்கிக்கொள்வேன். நாலைந்து தடவைக்குப் பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குப் போன முதல் நாள் குழந்தை தொண்டை கட்ட அழுதிருக்கிறது. பெற்ற அப்பா வீட்டில் இருந்தும், பக்கத்து வீட்டு அக்காவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

கரும்பலகையில் பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டாலும் சாக்பீஸைப் பிடுங்கக் கூடாது என்று ஆசிரியர் பயிற்சியில் படித்தவள் நான். வகுப்பில் ஒருநாளும் பிடுங்கியதில்லை. வீட்டில் பிடுங்கினேன்.

இப்போது பேத்தி வந்திருக்கிறாள். மாப்பிள்ளை தூக்கியதும் அழுகிறாள். பசியில்லை, காய்ச்சலில்லை என்று பார்த்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். என் கை பரபரக்கத்தான் செய்கிறது. முதல் நாள் அரை மணி நேரம் அழுதாள். நேற்று ஐந்தே நிமிடம்.

அதைப் பார்த்து நேற்று மாலை அவரும், "நான் கொஞ்சம் வச்சுக்கட்டுமா?" என்றார். இத்தனை வருடம் கழித்து! கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

புதிதாகத் தாயான என் மாணவிகளே, நீங்களும் கொஞ்ச நேரம் வாசலுக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்