கிளேர் கவுண்டியின் பிளாசி: சென்னை ஆளுநர்களின் அயர்லாந்துப் பட்டங்களும் பழவேற்காடும்

1762இல் ராபர்ட் கிளைவ் பெற்ற அயர்லாந்துப் பாரன் பட்டம் 'கிளேர் கவுண்டியிலுள்ள பிளாசி' என்ற ஊர்க்குறிப்போடு வருகிறது. வங்காளத்தில் அவர் வென்ற மண்ணின் பெயரை வம்சத்துக்கே உரிமையாக்கிய வெற்றிச் சின்னம் என்று இதைக் கொள்வது ஆய்வாளர் வழக்கம். கிளைவின் பட்டயத்தை மட்டும் பார்த்தால் அது சரியென்றே தோன்றும். ஜார்ஜ் பிகட்டின் பட்டயத்தைப் பக்கத்தில் வைத்தால் சிக்கல் தொடங்குகிறது.

1755 முதல் 1763 வரை சென்னை ஆளுநராக இருந்த பிகட், 1766இல் 'டப்ளின் கவுண்டியிலுள்ள பாட்ஷல்' பாரன் ஆனார். பாட்ஷல் இருப்பதோ இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில். அவர் ஒரு லட்சம் பவுன் கொடுத்து வாங்கிய பண்ணை அது. அங்கே அவர் எந்தப் போரையும் வெல்லவில்லை. ஆகவே கவுண்டியின் பெயர் அயர்லாந்துப் பிரபு வரிசையில் இடம்பெறுவதற்கான சடங்கு என்றும், ஊர்ப்பெயர் பட்டம் பெறுபவரின் விருப்பம் என்றும் கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது. கிளைவ் பிளாசியை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் அந்த விருப்பத்தை அரசின் வெற்றிப் பிரகடனமாக உயர்த்துவதற்குப் பட்டயத்தில் ஆதாரம் இல்லை.

பரம்பரை உரிமை என்றால் நிலமோ நீரோ கைக்கு வரவேண்டும். பசியாவரம் என்ற ஊரைச் சுற்றிய பழவேற்காடு ஏரியில் மீனவர்களின் பாடு முறையை அறிந்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அங்கே தகப்பன் வழியில் மகனுக்கு வருவது, குறித்த இடத்தில் முறைவைத்து வலை போடும் உரிமை. பாட்ஷல் பாரன் பட்டமோ டப்ளினில் ஒரு பிடி மண்ணும் தராது. லிமெரிக் நகரருகே கிளைவுக்கு நிலம் இருந்ததையும் அதற்குப் பிளாசி என்று பெயரிட்டதையும் சிலர் சுட்டலாம். அப்போதும் பெயர் மாறியது அயர்லாந்து மண்ணுக்குத்தான்; வங்காளத்துப் பிளாசியில் அவர் வம்சத்துக்கு எதுவும் சேரவில்லை.

இந்த வாதத்துக்குப் பழவேற்காடே உரைகல். ஜார்ஜ் மெக்கார்ட்னி சென்னைக்கு வருமுன்பே, 1776இல், ஆன்ட்ரிம் கவுண்டி லிசனூரின் பாரன் ஆகியிருந்தார். 1781இல் அவர் ஆளுநராக இருந்தபோதுதான் டச்சுக்காரரிடமிருந்து பழவேற்காடும் நாகப்பட்டினமும் கைப்பற்றப்பட்டன. வென்ற ஊர்தான் பட்டத்தில் ஏறும் என்றால் அவருடைய அடுத்த பட்டங்களில் இவற்றில் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். சீனத் தூதையொட்டி 1792இல் கிடைத்த வைகவுண்ட் பட்டம் ஆன்ட்ரிமின் டெர்வாக் ஊரைச் சொல்கிறது. 1794இல் வந்த ஏர்ல் பட்டமும் ஆன்ட்ரிமைத் தாண்டவில்லை. 1784 உடன்படிக்கையால் பழவேற்காடு டச்சுக்காரரிடம் திரும்பிப் போனதுதான் காரணம் என்பார்கள். அதே உடன்படிக்கை நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடமே விட்டுவைத்ததே! வென்றது மெக்கார்ட்னி அல்லர், படைத்தளபதிகள்தாம் என்ற மறுப்பு என்னை அசைக்கவில்லை. அவர் ஆளுநராக இருந்தபோது கிடைத்த வெற்றிகள்தாமே அவை.

வெற்றிச் சின்னம் என்ற வாசிப்பு எப்படி இவ்வளவு வேரூன்றியது? வாரிசுகளின் கதையில் விடை இருப்பதாக நினைக்கிறேன். 1764இல் பிகட் பெற்ற பாரனெட் பட்டம் சகோதரர்களுக்கும் செல்லும்படி எழுதப்பட்டது. 1766இன் பாரன் பட்டத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை. 1777இல், தம் ஆலோசனைச் சபையினர் வைத்த காவலிலேயே அவர் சென்னையில் இறந்தபோது பாரனெட் தம்பிக்குப் போயிற்று, பாரன் பட்டம் அழிந்தது. பிள்ளையில்லாத மெக்கார்ட்னியோடு 1806இல் அவருடைய பட்டங்களும் முடிந்தன. கிளைவின் பட்டம் மட்டும் மகன் எட்வர்ட் வழியாகப் போவிஸ் ஏர்ல்களின் குடும்பத்தில் நிலைத்தது. நிலைத்த ஒன்றையே ஆய்வாளர்கள் விதியாகப் படித்தார்கள். அழிந்துபோன இரண்டையும் சேர்த்துப் படித்திருந்தால் பிளாசி விதிவிலக்காகத்தான் தெரிந்திருக்கும்.