இருதயம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளுமா?

கையில் காயம் பட்டால் சில நாட்களில் புதுத்தோல் வளர்ந்து மூடிவிடுகிறது. மாரடைப்பினால் மாண்ட இருதயத் தசையோ அவ்வாறு மீள்வதில்லை. அவ்விடத்தில் துடிக்காத தழும்பே எஞ்சுகிறது. கடுமையான மாரடைப்பொன்றில் சுமார் நூறு கோடித் தசை உயிரணுக்கள் அழியக்கூடும். பிறவியிலே பெற்ற உயிரணுக்களைக் கொண்டே இருதயம் இறுதிவரை உழைக்கிறது என்பதே இருபதாம் நூற்றாண்டு மருத்துவ நூல்கள் பெரும்பாலும் கூறிவந்த கருத்து.

2001-ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாணத்தில் பியரோ அன்வெர்சா குழுவினர் இதனை மறுத்தனர். பிற உயிரணுக்களாக மாறவல்ல இளம் உயிரணுக்களைக் குருத்தணுக்கள் என்கிறோம். எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களைச் சுண்டெலியின் நைந்த இருதயத்தில் செலுத்தினால் புதுத்தசை தோன்றுகிறது என்றனர் அவர்கள். செய்தி உலகெங்கும் பரவிற்று. பல நாடுகளில் நோயாளிகளின் இருதயத்திலேயே மஜ்ஜை உயிரணுக்களைச் செலுத்திப் பார்த்தனர். ஆனால் 2004-இல் அமெரிக்காவின் வேறு இரு குழுவினர் சுண்டெலிகளில் அச்சோதனையைச் செய்தபோது, மஜ்ஜை உயிரணுக்கள் இருதயத் தசையாக மாறக் காணோம். 2018-இல், அன்வெர்சா பிற்காலத்தில் பணியாற்றிய ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியே, அவருடைய ஆய்வுக்கூடத்தின் 31 கட்டுரைகளில் புனைந்த அல்லது திரித்த விவரங்கள் இருப்பதாகத் தெரிகிறதென்றும், அவற்றைத் திரும்பப் பெறவேண்டுமென்றும் அறிவித்தது. இடையே கழிந்தவை பதினேழு ஆண்டுகள். அவை நோயாளிகளின் நம்பிக்கையில் நடந்த ஆண்டுகள்.

மெய்யான விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முன், வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14 என்னும் பொருளைப் பெருகச் செய்தன. அது பயிரில் கலந்து, உணவின் வழியே, புதிதாகப் பிறக்கும் உயிரணுவின் மரபுப்பொருளில் பதிந்துவிடுகிறது. அதன் அளவைக் கொண்டு உயிரணுவின் பிறந்த காலத்தைக் கணிக்கலாம். அக்காலத்தில் வளர்ந்த அன்பர்களின் இருதயத்திலும் அக்குண்டுகளின் சுவடு உண்டு! ஸ்டாக்ஹோமில் யோனாஸ் பிரிசேன் குழுவினர் இறந்தோரின் இருதயங்களை இவ்விதம் ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு தசை உயிரணு புதிதாகிறது; எழுபத்தைந்தில் அதில் பாதியும் இல்லை. இருதயம் புதுப்பித்துக்கொள்வது உண்மையே. மாரடைப்பின் இழப்பை ஈடுசெய்ய அவ்வேகம் போதாது.

எனவே தசையை வெளியே வளர்த்துத் தரும் முயற்சி வலுப்பெற்றது. கியோத்தோ நகரின் ஷின்யா யாமானாகா, நான்கு மரபணுக்களைச் செலுத்தி, 2006-இல் சுண்டெலியின் தோல் உயிரணுக்களையும் மறு ஆண்டில் மனிதருடையவற்றையும் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். 2012-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இவ்வகைக் குருத்தணுக்களினின்று வளர்த்த இருதயத் தசை கண்ணாடித் தட்டிலேயே துடிக்கிறது. நோயாளியின் தோலினின்றே அவர் இருதயத் தசையின் மாதிரியை வளர்த்து, மருந்தை முதலில் அதில் சோதிக்க முடிகிறது.

உடலினுள் சேர்ப்பதுதான் கடினம். 2014-இல் சியாட்டில் நகரத்தார், மனிதக் கருவின் குருத்தணுக்களினின்று வளர்த்த தசை உயிரணுக்களைக் குரங்குகளின் இருதயத்தில் செலுத்தினர். புதுத்தசை நிலைத்தது, ஆனால் துடிப்பு தாளம் தவறிற்று. 2020 ஜனவரியில் ஒசாகாவில், யாமானாகா முறையில் பெற்ற தசை உயிரணுக்களாலான மெல்லிய தகடு நோயாளி ஒருவரின் இருதயத்தின்மேல் வைக்கப்பட்டது. அத்தகடு தானே துடித்து உதவுவதைவிட, அது சுரக்கும் பொருள்களால் புது இரத்தக் குழாய்கள் தழைப்பதையே அங்குள்ள மருத்துவர்கள் பெரிதும் எதிர்பார்த்தனர்.